மலை விழுகிற படத்தில் மனிதன் எங்கே?

மண்டபம் நிறைய மக்களைக் கூட்டிவைத்துவிட்டு என்னையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே! பதுளை மண்ணின் பெரியோர்களே! கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு பஸ் பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே! குறும்படம் எடுக்கும் றுஷாந்தனின் பணிவான வணக்கம்.

ஒரு கேள்வி என்னை விடாமல் குடைகிறது. வெள்ளம் பொங்குகிறது, எரிமலை வெடிக்கிறது, திரையில் ஊரே அழிகிறது. நாமோ கடலை கொறிக்கிறோம்! ஏன்? நமக்கென்ன நெஞ்சில் ஈரமில்லையா? இருக்கிறது ஐயா, இருக்கிறது. அந்தத் திரையில் நமக்குத் தெரிந்த மனிதர்தான் இல்லை.

நானும் அப்படியொரு மண்சரிவுப் படம் எடுத்தேன். மூன்று மாதம் கம்ப்யூட்டர் முன் குந்தி, பாறை பாறையாக மலையைப் பெயர்த்தேன். லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் போட்டுக் காட்டினேன். மலை விழுந்தது, ஒருவரும் அசையவில்லை. சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், எனக்கு அன்று அழுகைதான் வந்தது.

படம் முடிந்ததும் அந்தத் தோட்டத்தில் தப்பு மேளம் அடிக்கும் மாடசாமி அண்ணன் எழுந்தார். “மலை நல்லாத்தாங்க விழுது. கீழ நிக்கிறது யாருன்னுதான் தெரியல” என்றார். பிறகு தன் கதையைச் சொன்னார்.

சில ஆண்டுகளுக்கு முன், அடைமழை பெய்த ஒரு பிற்பகல். மலையில் வெடிப்பு கண்டிருக்கிறது, எல்லாரும் மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும் என்று தகவல் வந்தது. அண்ணன் தப்பை எடுத்து முழக்கினார். பழகிய கையல்லவா? பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் களத்துக்கு, ஆள் கூப்பிடும் அடியையே அடித்துவிட்டது! வேலைக்குத்தான் அழைக்கிறார்கள் என்று லயத்து வீடுகளில் இருந்த ஜனமெல்லாம் கூடையோடு பெரட்டுக் களத்தில் வந்து நின்றது. களமோ வெடித்த மலைக்கு நேர் கீழே! அண்ணன் கத்தினார், மழையில் எவர் காதிலும் ஏறவில்லை.

எந்த அடியைக் கேட்டால் இந்த ஜனம் மறுபேச்சின்றிப் பின்னால் வரும்? சாவு அடி! சாவென்றால் வீட்டில் தங்குகிற வழக்கம் நம் தோட்டத்தில் உண்டா? ஆனால் அண்ணனுக்குக் கை எழவில்லை. பக்கத்தில் நின்ற மகள் கலாராணிக்கு நிறைமாதம். பிள்ளை பிறக்கப்போகிற வயிற்றுக்கு முன் எந்தத் தகப்பன் சாவு அடி அடிப்பான்? கலாராணிதான் சொன்னாள்: “அடிங்கப்பா. நான் முன்னால நடக்குறேன்.”

அடித்தார்! அழுதுகொண்டே அடித்தார்! மகள் முன்னே, தப்பு நடுவே, யார் போனது யார் போனது என்று கேட்டபடி ஊர் பின்னே. பள்ளிக்கூட வாசலை எட்டினார்கள். கீழே மலை இறங்கியது. பெரட்டுக் களம் மண்ணுக்குள் போனது. மூச்சு வாங்க வந்த இராக்கம்மா அக்கா, செத்தது யார் என்று அப்போதும் கேட்டாராம். அண்ணன் சொன்னார்: “யாருமில்லக்கா. எல்லாரும் வந்தாச்சான்னு எண்ணிப் பாருங்க.”

அன்பர்களே, அழுதுகொண்டே அடித்த அந்தக் கையை எந்தக் கம்ப்யூட்டர் செய்யும்? மலையை எவரும் விழவைக்கலாம். அதன் கீழே நாம் நேசிக்கும் ஒருவரை நிறுத்தாமல் அந்த மலைக்கு ஏது கனம்? என் மலையை நான் வெட்டி எறிந்துவிட்டேன். இப்போது நீங்கள் பார்க்கப்போகும் படத்தில் அதன் சத்தம் மட்டுமே கேட்கும். முகமெல்லாம் மாடசாமி அண்ணனுடையது.

மலை இறங்கிய மூன்றாம் நாள் கலாராணிக்குச் சுகமாகப் பிறந்த விதுஷா, முன்வரிசையில் அம்மா மடியிலிருந்து என்னைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறாள். அவள் பேச்சுக்கு மறுபேச்சு ஏது? பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லாருக்கும் நன்றி. வணக்கம்.