கூடுதல் தலையணை

தன்னார்வலர்களை வைத்து வேலை வாங்குவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நேரத்துக்கு டீ வர வேண்டும். முதுகு சாய்கிற நாற்காலி வேண்டும். பேசி முடித்துக் கிளம்பும்போது வாசல்வரை கூடவே போய், "உங்களை மாதிரி யாருக்கு வரும்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சம்பளம் வாங்குகிறவர்கள் இவை எதுவும் இல்லாமலே வேலை செய்துவிடுவார்கள். சும்மா செய்கிறவர்களுக்கு மூன்றும் வேண்டும், ஒன்று குறைந்தாலும் முகம் தொங்கிவிடும்.

இந்த மேஜையில் தண்ணீர் ஜாடி இருக்கிறது, டம்ளர் இல்லை. இந்நேரம்வரை யாரும் கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை. ஆகவே நீங்கள் மூவரும் இந்த விசாரணைக்குச் சம்பளம் வாங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருக்கும்போதே தன் சிறுநீரகத்தை இன்னொருவருக்குக் கொடுக்கப் போகிறவர்கள் எங்கள் பிரிவுக்கு வருவார்கள். அவர்களைக் குடும்பத்திடமிருந்து பிரித்து, ஏற்கெனவே கொடுத்துப் பிழைத்திருக்கும் ஒருவரோடு தனியாக உட்காரவைப்போம். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படுவதை எல்லாம் அவரிடம் கேட்கலாம். யாரோடு யாரை உட்காரவைப்பது என்பது என் முடிவு. நல்ல ஏற்பாடுதான். அதைக் கெடுப்பதற்கென்றே தன்னார்வலர்கள் வந்து சேருவார்கள்.

எங்களிடம் ஓர் அம்மா இருந்தார். நான் மனசுக்குள் தழும்பு அக்கா என்று கூப்பிடுவேன். யாரும் கேட்காமலே இடுப்புத் துணியை விலக்கித் தழும்பைக் காட்டுவார். லிப்டில்கூடக் காட்டியிருக்கிறார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், மனைவிக்குக் கொடுத்தவர். மனைவிக்குப் பெயர் என்று ஒன்று இருந்ததாக அவருக்கு ஞாபகமே இல்லை. "என் கிட்னிக்கு இன்னைக்குத் தலைவலி, அதான் லேட்டு" என்பார். இவர்களைத் தியாகிகள் என்று ஊர் சொல்கிறது. தியாகிகளுக்கு டீயில் சர்க்கரை கூடினால் எவ்வளவு கோபம் வரும் என்பது எனக்குத் தெரியும்.

மாஸ்டர் வேறு மாதிரி. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர், தம்பிக்குக் கொடுத்தவர். டீ இல்லாவிட்டால் தானே போய் எல்லாருக்கும் வாங்கிவருவார். நல்லவர். நல்லவர்களை நிர்வகிப்பது இன்னும் சுலபம். நாம் ஒரு காரியத்தை "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றால் பார்த்துக்கொண்டுவிட்டதாகவே நினைத்துக்கொள்வார்கள்.

இனி பின்கதவைச் சொல்ல வேண்டும். வெளியே யாருக்கும் தெரியாத ஏற்பாடு அது. பேச்சின் கடைசியில் தன்னார்வலர் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்பார். உங்களுக்குக் கொடுக்க விருப்பம் இல்லை என்றால் என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வீட்டில் சொல்ல வேண்டாம். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றே சொல்லிக்கொண்டிருங்கள். பதில் டாக்டர் வாயிலிருந்து வரும். அந்த ஒரு வார்த்தையைத் தன்னார்வலர் என்னிடம் சொல்வார், நான் டாக்டரிடம் சொல்வேன். டாக்டர் குடும்பத்தைக் கூப்பிட்டு, ரத்தக்குழாய் அமைப்பு சரியில்லை, இவருடையதை எடுக்க முடியாது என்பார். முடிந்தது. அதன்பிறகு அந்தத் தன்னார்வலர் அந்த நபரைப் பார்க்கவோ விசாரிக்கவோ கூடாது. ரகசியம் கசியக் கூடாது என்பதற்காக இந்த விதி. விதியை எழுதியவள் நான்.

எத்தனையோ பேரை அந்த வழியாக அனுப்பியிருக்கிறேன். டாக்டர் சொல்லி முடித்ததும் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு மருமகன், மாமனாருக்குக் கொடுக்க வந்தவன், சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். என் உடம்புக்குள்ள இப்படி ஒரு குறையா, எனக்குக் குடுத்துவைக்கலையா என்று. நாலு பேர் பிடித்து உட்காரவைத்தார்கள். கூட்டம் விலகியதும் என் பக்கம் திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டே, இங்கே கேன்டீன் எந்தப் பக்கம் மேடம் என்று கேட்டான். காட்டினேன். அதுவும் என் வேலைதான்.

நானும் கொடுத்தவள். இல்லாவிட்டால் இந்தப் பதவியே கிடைத்திருக்காது. அண்ணனுக்குக் கொடுத்தேன். அப்போது பின்கதவெல்லாம் கிடையாது. ஒரு சிஸ்டர் ரத்தம் எடுக்கும்போது, இஷ்டம்தானே என்று கேட்டாள். இஷ்டம்தான் என்றேன். இன்னொரு தடவை கேட்பாள் என்று நினைத்தேன். அவளுக்கு அடுத்த படுக்கையில் வேலை இருந்தது.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. எல்லாரும் அண்ணன் அறையில் இருந்தார்கள். அவன்தானே நோயாளி. சாயங்காலம் அம்மா வந்தாள். "எப்படிடி இருக்கே" என்று கேட்டுக்கொண்டே என் தலைக்கடியில் இருந்த இரண்டு தலையணைகளில் ஒன்றை உருவினாள். "அண்ணனுக்குச் சாஞ்சுக்க இன்னொண்ணு வேணுமாம்." பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அண்ணன் இன்றைக்கும் நன்றாக இருக்கிறான். விசேஷங்களில் மைக் கிடைத்தால் தனக்கு ஆபரேஷன் செய்த டாக்டரைப் பற்றிக் கண்கலங்கப் பேசுவான். இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன்.

கண்ணாடிக் கடைப் பெண் வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. மூக்குக்கண்ணாடி விற்கும் கடையில் வேலை. யாரோடு பேசினாலும் அவர்கள் மூக்கை ஒருமுறை அளவெடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவாள். அண்ணனுக்குக் கொடுக்க வந்திருந்தாள். அவனுக்குச் சின்னக் குழந்தைகள் இருந்தன. உடன்பிறப்புக்கு உடன்பிறப்பு என்று கணக்குப் போட்டு அவளை மாஸ்டரோடு உட்காரவைத்தேன்.

அன்று மாலையே மாஸ்டர் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் என்னை நிறுத்தினார்.

"மேடம், பின்கதவு."

காரணம் கேட்கக் கூடாது என்பதும் என் விதிதான். இருந்தாலும் கேட்டேன்.

"பயப்படுதா மாஸ்டர்?"

"பயமெல்லாம் இல்லையாம் மேடம். குடுக்க மனசு இல்லைங்குது. அண்ணன் பாவந்தான், ஆனா இது என்னோடதுன்னு சொல்லுது. இவ்வளவு தெளிவா யாரும் சொல்லிக் கேட்டதில்ல."

"சரி மாஸ்டர். நான் பார்த்துக்கறேன்."

இது என்னோடது. அறைக்குப் போய் உட்கார்ந்து அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் எனக்கு அப்படி ஒரு வாக்கியம் தோன்றியதே இல்லை. மூக்குக்கண்ணாடி விற்கிறவளுக்குத் தோன்றியிருக்கிறது.

டாக்டரிடம் சொல்லத்தான் கிளம்பினேன். வழியில், வார்டுக்கு வெளியே பெஞ்சில், அவள் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தாள். அம்மா அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். சித்தி ஆரஞ்சுச் சுளையை விதை எடுத்து வாயில் ஊட்டினாள். யாரோ ஓர் அத்தை போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "இவ மனுஷியே இல்லைங்க, சாமி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். சுளையையும், சாமிப் பட்டத்தையும். நாளைக்கு டாக்டர் வந்து ரத்தக்குழாய் என்பார். இவள் அழுவாள். இன்னும் நாலு சுளை கிடைக்கும். சிறுநீரகமும் பத்திரமாக இருக்கும். எனக்கு அந்த இரண்டாவது தலையணைகூட மிஞ்சவில்லை.

டாக்டர் அறை வாசல்வரை போனேன். உள்ளே யாரோ இருந்தார்கள். பிறகு சொல்லலாம் என்று திரும்பினேன். பிறகு சொல்லவில்லை. நீங்கள் பெரிய வார்த்தைகளால் குறித்துவைத்திருப்பது இவ்வளவுதான். ஒரு கதவைத் தட்டாமல் திரும்பினேன்.

டாக்டரைக் குறை சொல்லாதீர்கள். அவர் என்னைக் கேட்டார். "உங்க பக்கம் எல்லாம் சரிதானே?" "சரிதான் டாக்டர்" என்றேன். அவர் அவளையும் கேட்டார், சட்டப்படி. அவள் சரி என்றாள். அப்படிச் சொல்லத்தானே அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தோம். கையெழுத்தும் போட்டாள். எங்கள் ஏற்பாட்டின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஆபரேஷனுக்காகச் சேர்த்த பிறகு அவளுக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்தது. என்னைத் தேடி வந்தாள்.

"அக்கா, நான் மாஸ்டர்கிட்ட ஒண்ணு சொல்லியிருந்தேன்."

"தெரியும்மா. எல்லாம் சொல்லியாச்சு."

"டாக்டர் இன்னும் வீட்ல ஒண்ணும் சொல்லலையே அக்கா."

அப்போதுகூட நேரம் இருந்தது. இதை நானே சொல்லிவிடுகிறேன், உங்களில் ஒருவர் அதைத்தான் கேட்க வாயைத் திறக்கிறார். நேரம் இருந்தது. நான் அவளை உட்காரவைத்து, நிதானமாக விளக்கினேன். உன் ஸ்கேன் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று வீட்டில் கேள்விப்பட்டுவிட்டார்கள். இப்போது முடியாது என்றால் சந்தேகப்படுவார்கள். அதனால் தியேட்டர் வாசல்வரை உன்னைக் கூட்டிப்போவார்கள். உள்ளே ஒரு கடைசிப் பரிசோதனை, கொஞ்சம் மயக்கம் கொடுப்பார்கள். அதைக் காரணம் காட்டி டாக்டர் வெளியே வந்து ரத்தக்குழாய் சரியில்லை என்பார். எழுந்திருக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். யார் கேட்டாலும் சம்மதம் என்று சொல்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு தேங்க்ஸ் அக்கா என்றாள்.

மறுநாள் காலை தள்ளுவண்டியில் போகும்போது சிரித்துக்கொண்டே போனாள். வாசலில் நின்ற சிஸ்டர் வழக்கம்போல் சம்மதம்தானே என்று கேட்டாள். சம்மதம் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்து லேசாகக் கண் சிமிட்டினாள். அவளுடைய அத்தை அதைப் பார்த்துவிட்டு, எவ்வளவு தைரியம் பாருங்க என்று விசும்பினாள்.

அவளுடைய அண்ணன் பிழைத்துக்கொண்டான். குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறானாம். நீங்கள் இதை எழுதிக்கொள்ளவில்லை என்பதைக் கவனித்தேன்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல முடியாது. சொன்னால், தர மறுத்தவள் என்பது வீட்டுக்குத் தெரிந்துவிடும். மாஸ்டரும் விசாரிக்கவில்லை, விதி இருக்கிறதே. அப்படியே போயிருக்கும். அவளைத் தன்னார்வலராகக் கூப்பிட்டது நான்தான். நானே போன் பண்ணினேன். அவளும் கொடுத்தவள், எங்களில் ஒருத்தி, அவளுக்கும் ஓர் இடம் வேண்டாமா என்று தோன்றியது. என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று கேட்டாள். பிறகு வருகிறேன் என்றாள்.

புதியவர்கள் வந்தால் வட்டமாக உட்கார்ந்து, ஏன் கொடுத்தோம் என்று ஒவ்வொருவராகச் சொல்வது எங்கள் வழக்கம். கேட்டுக்கேட்டு என் காது மரத்துப்போன கதைகள். தழும்பு அக்கா எழுந்து நின்று துணியை விலக்கிக் காட்டினார். வங்கிக்காரர் தன் கிட்னி இப்போது நடைப்பயிற்சி போவதாகச் சொன்னார். மாஸ்டர் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, எதிரே இருந்த அவளையே பார்த்தார். பின்கதவு வழியாகப் போனவள் இங்கே எப்படி என்று அவருக்குப் புரியவில்லை. அவள் முறை வந்தது.

"நான் குடுக்கல," என்றாள். கடையில் ஒரு கண்ணாடியின் விலையைச் சொல்வதுபோலச் சொன்னாள். "வேணாம்னு மாஸ்டர்கிட்ட சொன்னேன். தியேட்டர் வாசல்வரைக்கும் போனாப் போதும்னாங்க. அக்காதான் சொன்னாங்க."

மாஸ்டர் எழுந்தார். எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், நான் உங்ககிட்ட சொன்னேனே."

"சொன்னீங்க மாஸ்டர்," என்றேன். பொய் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தழும்பு அக்கா துணியை இழுத்து மூடிக்கொண்டார். அவர் தானாக மூடிக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

அதன்பிறகு மாஸ்டர் எங்கெங்கே போனார், யார் யாரிடம் பேசினார் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறோம். ஆமாம், நான்தான் செய்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை. தெரிந்தே செய்தேன். கோபத்தில் செய்ததாக எழுத வேண்டாம். கோபப்படுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

ஆனால் உங்களில் நடுவில் இருப்பவர் அந்தப் பெண்ணை நினைத்து எனக்கு மனசு இல்லையா என்பதுபோல ஒரு கேள்வி கேட்டார். அதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும்.

அவள் மயக்கம் தெளியும்போது அவள் வீட்டார் ஒருவரும் அங்கே இல்லை. சாமி என்றார்களே, அந்த அத்தைகூட இல்லை. எல்லாரும் அண்ணன் அறை வாசலில் நின்றார்கள். தியேட்டரிலிருந்து அவளை வெளியே கொண்டுவந்ததிலிருந்தே நான் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. அவள் கண் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கை மெதுவாக இடுப்புப் பக்கம் போனது. கட்டைத் தொட்டது. என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் நெற்றியைத் தடவிக்கொடுத்தேன். அவள் கத்தவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது. அதையும் நான்தான் துடைத்தேன்.

சாயங்காலம் அவள் அம்மா வந்தாள். எப்படிம்மா இருக்கே என்று கேட்டுக்கொண்டே, தலைக்கடியில் இருந்த கூடுதல் தலையணையைப் பார்த்தாள். அவனுக்கு ஒன்று பற்றவில்லையாம் என்றபடி கையை நீட்டினாள். நான் எழுந்து குறுக்கே நின்றேன். இது இவளுடையது, வேண்டுமானால் சிஸ்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அந்த அம்மாள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மற்றதை எல்லாம் நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தத் தலையணையை நான் எடுக்கவிடவில்லை.