அழுக்கு எண்ணெய்க்கும் எடை

“அழுக்கு எண்ணெயப் போயி யாராவது எடை போட்டு வாங்குவாங்களா, மேடம்?”

செல்போன் வைத்திருப்பதே பெருமையாக இருந்த காலம். ஆரணியிலிருந்து வேலூர் போகும் காலை பஸ்ஸில், கம்பியைப் பிடித்து நின்ற டிரான்ஸ்ஃபார்மர் ரிப்பேர் கான்ட்ராக்டர்தான் கேட்டார். சீட்டில் இருந்தவர் மின்சார ஆபீஸ் ஸ்டோர்கீப்பர் அம்மாள்.

“எனக்கு ஊரு முள்ளிப்பட்டுங்க. அங்க மொதலாளிங்க தறிக்காரருக்குப் பட்டு எடை போட்டுக் குடுப்பாங்க. சேலைய வாங்கறப்ப அறுந்த நூலையும் சேத்து எடை போடுவாங்க. நானும் அப்டிதான். டிரான்ஸ்ஃபார்மர்லேருந்து நீங்க எறக்கின பழைய எண்ணெயில ஒரு டின் கொறையுது.”

“வழியில சிந்திப் போச்சுங்க.”

“எந்த வழியில?”

கான்ட்ராக்டர் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

“ரிப்பேர் ஷெட்டுக்குப் பின்னால. ஓடை ஓரமா ஆளுங்க ஊத்திட்டாங்க.”

“அந்த ஓடைத் தண்ணிதான் ஊர்க் கெணத்துக்குப் போய்கினு இருக்குது. எண்ணெ ஊறுன மண்ணத் தோண்டி, மூட்டை கட்டி ஸ்டோருக்குக் கொண்டாங்க. அப்பறந்தான் அடுத்த வேலை.”

“மண்ணையுமா எடை போடுவீங்க?”

“போடுவேன். காஞ்ச மண்ணா கொண்டாங்க. சேலையில தண்ணி தெளிச்சு எடை ஏத்தறதையும் எங்க ஊர்ல பாத்திருக்கேன்.”