வெட்டியும் சாகாத கார்டு

“நாலு துண்டா வெட்டிட்டேன் அக்கா, அப்பவும் சாகல.”

பாயான் பாரு போகும் காலை பஸ்ஸில் இப்படி ஒரு குரல் கேட்டால் யார்தான் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்? பின் சீட்டில் தொழிற்சாலைச் சீருடையில் இரண்டு பெண்கள். சொன்னவளுக்கு முப்பது வயது இருக்கும். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் மூத்தவர்.

“என்னத்த வெட்டின?”

“பழைய கிரெடிட் கார்டைத்தான். நம்ம கேன்டீன்ல மேசை போட்டு, இலவசமா குடை குடுத்து, ஒரு பேங்க்காரன் புது கார்டுக்கு ஆள் சேத்தானே? அது கைக்கு வந்ததும் பழசை வெட்டிப் போட்டுட்டேன்.”

“எல்லாரும் அப்படித்தானே செய்றாங்க?”

“இல்ல லா. பழைய பேங்க்ல வீட்டு லோன் கேட்டுப் போனேன். அந்தக் கார்டுக்கு வருஷக் கட்டணம் அறுபது வெள்ளி கட்டலையாம், பேங்க்ல என் பேரு கெட்டுப் போச்சாம், லோன் கிடையாதாம். பில்லெல்லாம் ஜெலுத்தோங்ல நான் முன்ன இருந்த வீட்டுக்குப் போயிருக்கு. நான் எதையும் ஒரு நாள்கூட பிந்திக் கட்டினதில்ல அக்கா.”

“அழாத லா. இப்ப என்ன செய்யணுமாம்?”

“பாக்கியைக் கட்டிட்டு, கார்டை மூடச் சொல்லி லெட்டர் எழுதணுமாம். மூடியாச்சுன்னு அவங்க பதில் போடணுமாம். வெட்டுனதெல்லாம் கணக்கே இல்லையாம்.”

அக்கா கைக்குட்டையை எடுத்து நீட்டினார். பஸ் இரண்டு நிறுத்தங்களைத் தாண்டியது.

“அந்த லெட்டரை எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு.”

“உங்களுக்கு எதுக்கு அக்கா?”

“நான் எட்டு துண்டா வெட்டினேன்.”