சீமாட்டிக்கு ஊசி வேண்டாம்

நாய்க்கு வெந்த கோழி எலும்பு போடக்கூடாது, மேடம். கூண்டுக்குக் காவல் நிற்கிறவர் நேற்று பாசமாகப் போட்டாராம். அது சிலாம்பு சிலாம்பாக உடைந்து குடலைக் கிழித்துவிடும். நாளைக்குச் சாகப்போகிற நாய்தானே என்று அவர் நினைத்திருப்பார். எனக்கு அப்படி நினைக்க மனசு வரவில்லை. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானாகவே விசாரணை அதிகாரியான உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறேன். கால்நடை மருத்துவர் ஊசியோடு வருவதற்குள் நான் சொல்வதை நீங்கள் எழுதிக்கொண்டால் போதும்.

அவள் பெயர் சீமாட்டி. போலீஸ் இலாகா வைத்த பெயர் வேறு. குட்டியாக வீட்டுக்கு வந்த அன்றே கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாள். "எனக்கு ஒரு தலகாணி வாங்கித் தர வக்கில்ல, இவளுக்கு மெத்தை கேக்குது. பெரிய சீமாட்டி" என்று என் மனைவி திட்டினாள். அந்தப் பெயரே நின்றுவிட்டது. என் மச்சான் என்னை நாய்க்காரர் என்றுதான் கூப்பிடுவார். கேலியாகத்தான் சொல்வார், ஆனால் எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

இந்த ஊரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆட்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நிறம் வேறு, முடி வேறு, முகவெட்டு வேறு. வேலைக்காக இந்தப் பக்கம் வர அவர்களுக்கு இருப்பது ஒரே பாலம். பாலத்தடியில் எங்கள் சோதனைச் சாவடி. காரணம் இல்லாமல் யாருடைய வண்டியையும் திறக்கக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. நாய் உட்கார்ந்தால் அது காரணம். போதைப்பொருள் வாசனை பிடித்தால் உட்கார வேண்டும் என்று பழக்கியிருக்கிறோம். உட்கார்ந்ததும் ஒரு முறுக்கிய துண்டைக் கொடுப்போம், கவ்வி இழுத்து விளையாட. அந்தத் துண்டுக்காக அவள் உயிரையே விடுவாள்.

ஒருநாள் அந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் காரை நிறுத்திவிட்டு, மூஞ்சியைப் பார்த்துத்தான் நிறுத்துவீர்களா என்று எகத்தாளமாகக் கேட்டார். நாயோடு அவர் காரைச் சுற்றி வந்துகொண்டிருந்த நான் அப்படியே நின்றேன், கையில் இருந்த கயிறு கொஞ்சம் இறுகியது. சீமாட்டி என்னை அண்ணாந்து பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். சீட்டைக்கூடக் கழற்றிப் போட்டுத் தேடினோம். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஆளின் வாய் அடங்கிவிட்டது. நான் பழக்கதோஷத்தில் அவளுக்குத் துண்டைக் கொடுத்தேன். கெட்டிக்காரி, ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் நின்றால் அவள் உட்காருவாள்.

நான் யாரையும் அடித்தவன் இல்லை. கெட்ட வார்த்தை பேசியவனும் இல்லை. எங்கே நிற்பது என்று மட்டும்தான் பார்ப்பேன். ஒருவர் என்னை முறைத்தால் நிற்பேன். அளவுக்கு மீறிய நல்ல வண்டி ஓட்டி வந்தாலும் நிற்பேன். இந்தப் பக்கத்து ஆட்களிடம் நின்றதில்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள். அவர்கள் ஏன் என்னை முறைக்கப்போகிறார்கள்? இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே, உன் நாய்க்கு ஆளைப் பார்த்தாலே தெரிகிறதய்யா என்பார். எப்படி என்று அவர் கேட்டதில்லை. பெருந்தன்மையான மனிதர்.

இனி அந்த டிரைவர். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். வீடு அந்தப் பக்கம், வேலை இந்தப் பக்கம். காலையில் ஸ்கூட்டரில் வருவார். அவரிடம் நான் அடிக்கடி நின்றேன். காரணம் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அவருக்குக் கோபமே வராது. நான் சொல்வதற்கு முன்பே இறங்கி, சீட்டைத் தூக்கிக் காட்டி, சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துவிட்டு, என்னை விட்டுவிட்டு நாயிடம் நலம் விசாரிப்பார். ஒரு மனிதன் பயப்படவும் இல்லை, முறைக்கவும் இல்லை என்றால் எனக்கு ஏதோ மாதிரி இருக்கும். தினமும் தாமதமாகப் போனதில் அவருக்கு வேலை போயிற்று. அதற்கு நான் பொறுப்பில்லை, பள்ளிக்கூடத்துக்காரர்கள் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

வேலை போன மனிதருக்கு யோசிக்க நேரம் கிடைத்துவிட்டது. இந்தச் சோதனையை எதிர்த்துப் பாலத்தில் மறியல் நடந்த அன்று அவரும் வந்தார். அந்தப் பக்கத்து ஜனம் முழுக்க சாலையில் உட்கார்ந்திருந்தது. கோஷம்கூடக் கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிட்டது. அவர் தன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து எங்கள் இன்ஸ்பெக்டரிடம் பேசினார். எல்லோர் கையிலும் செல்போன்.

"சார், நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இது என் வண்டி. வேற ஒரு போலீஸ்காரர் நாயைப் பிடிச்சுக்கிட்டு இதைச் சுத்தி வரட்டும். அப்புறம் இவர் வரட்டும். நாய் யார்கிட்ட உட்காருதுன்னு எல்லாரும் பாத்துடுவோம்."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். இத்தனை பேர் பார்க்கும்போது அவருக்கும் வேறு வழியில்லை. "குடுய்யா கயித்த" என்று கையை நீட்டினார்.

அவர் கைக்குக் கயிறு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். சீமாட்டி உட்கார்ந்ததை வைத்து உள்ளே தள்ளியவர்கள் எத்தனையோ பேர். சிலரிடம் பொருள் கிடைத்தது. கிடைக்காத சிலரிடம் கிடைத்ததாக எழுதிக்கொண்டோம். எல்லாம் திறந்துகொள்ளும். என் உத்தியோகம் போகும், அதைவிட இவள் பெயர் கெட்டுப்போகும். அப்போது எனக்கு அதுதான் தோன்றியது.

கூட்டத்தின் சத்தத்தில் நாய் மிரண்டது, கயிறு நழுவிவிட்டது என்று நான் எழுதிக் கொடுத்தது பொய். அங்கே சத்தமே இல்லை. அவள் மோப்பமும் பிடிப்பாள், சொன்னால் ஆளையும் பிடிப்பாள். கழுத்துப்பட்டைக் கொக்கியை நான்தான் கழற்றினேன். பிடி என்று சொன்னதும் நான்தான். டிரைவரின் தொடையில் கவ்வினாள். பெரிய ரத்தக்குழாய் அங்கேதான் ஓடுகிறது என்று பயிற்சியிலேயே சொல்லித்தருவார்கள். ஆம்புலன்ஸ் வந்தது, ஆனால் நாங்கள் போட்ட தடுப்பை நாங்களே விலக்கி முடிப்பதற்குள் அவர் போய்விட்டார்.

அதற்குப் பிறகு கல் பறந்தது, கண்ணீர்ப்புகை போனது, கடைகள் எரிந்தன. நாயைக் கொன்றுவிடுகிறோம் என்று மேலிடம் அறிவித்த பிறகு கொஞ்சம் அடங்கியது. நல்ல யோசனை என்றுதான் நானும் நினைத்தேன். இதே நிறத்தில் ஒரு தெருநாயைப் பிடித்து ஊசி போட்டுவிட்டு இவளை எனக்குக் கொடுத்துவிட முடியாதா என்று கேட்டுப் பார்த்தேன். தூரத்தில் இருந்து பார்த்தால் அவர்களுக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகிறது? முடியாது என்றுவிட்டார்கள்.

டிரைவரின் மனைவி ஆணையர் அலுவலகத்துக்கு வந்திருந்தார். நானும் வராந்தாவில் நின்றிருந்தேன். நஷ்டஈடு கேட்கத்தான் வந்திருப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அந்த நாயை எதுக்குக் கொல்றீங்க? அது தானா எதையும் செய்யல. அது எங்க வீட்டுக்காரருக்கு நல்லாத் தெரிஞ்ச நாய்."

சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அந்தப் பக்கத்தில் இப்படியும் நல்ல மனுஷி இருக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இவரே மன்னித்த பிறகு நாயைக் கொல்வது அநியாயம் அல்லவா? அப்போதுதான் உங்களிடம் வருவது என்று முடிவு செய்தேன்.

எனக்கு வருத்தம் இல்லையா என்று கேட்டீர்கள். சோறு இறங்கவில்லை, மேடம். கூண்டுக்குள் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். நான் கூப்பிட்டால் எழுந்து வருவதில்லை. வாயில்லா ஜீவன், தப்பு செய்துவிட்டோம் என்று புழுங்குகிறது.

வீடியோவில் கொக்கி கழன்ற பிறகும் நாய் சும்மா நிற்கிறதே, ஏன் என்று கேட்கிறீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். நான் பிடி என்று சொன்னது ஒருதடவை அல்ல. முதல் தடவை சொன்னபோது அவள் ஓடிப்போய் அவருடைய காலடியில் நின்றாள். வாலை ஆட்டினாள். அவர் குனிந்து அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் நாய், மேடம். என் கட்டிலில் படுத்த நாய். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். வேண்டாமே என்பது போன்ற பார்வை. அவள் கண்ணை எனக்குத் தெரியும். நான் குரலை உயர்த்தி இன்னொரு தடவை சொன்னேன்.

அன்று அவள் எல்லோர் முன்னாலும் எனக்குச் செய்த துரோகத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது. ஆனாலும் நான் அவளை மன்னித்துவிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.