கிளமெண்டிக்குப் போகும் பேய்

சிங்கப்பூர் தேக்கா சந்தையிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் பள்ளிச் சீருடையில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் பேயா இருந்தா பிரச்சினையே இல்ல லா," என்றாள் அவள்.

நான் காய்கறிப் பையை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

"ஏன்டி?"

"அந்த ஜப்பான் கார்ட்டூன்ல, பேய்ப் பொண்ணு தினமும் கிளாஸுக்கு வந்து ஒரு பையன் பக்கத்துலயே உட்காருதுல்ல? அதை யாரும் ஸ்கூல் மாத்தல. எங்கப்பாவுக்கு அவ்ளோ தூரத்துல கிளமெண்டில வீடு கிடைச்சிருச்சு. அங்கதான் படிக்கணுமாம்."

"நீ அந்தப் பேய் மாதிரிதான் இருக்கே. பல்லுதான் கொஞ்சம் பெரிசு."

"போடா! கிளாஸ்ல உன் பக்கத்துல என் இடத்துல யாரு உட்காரப்போறா?"

"யாரும் உட்கார முடியாது. சீனங்களோட ஏழாம் மாசம், அந்தப் பேய் மாசத்துல, தெருவுல போடற வாயாங் நாடகத்துல, முன்வரிசையைப் பேய்ங்களுக்குன்னு காலியா விடுவாங்கல்ல? அதே மாதிரி விட்டுடுவேன்."

"டீச்சர் கேட்டா?"

"ஆள் இருக்குன்னு சொல்லுவேன்."

அவள் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். "மாசம் முடிஞ்சா பேயெல்லாம் போயிடும்டா."

"இது போகாது. சனிக்கிழமையானா தேக்காவுக்கு வரும். நான் மீ கோரேங் நூடுல்ஸ் வாங்கித் தருவேன்."

"ரெண்டு முட்டை போட்டு," என்றது பேய்.