மனு நாள் அல்லாத நாளில் வந்தவர்

என் பெயர் மீரான் சாகிபு, வயது 61, தகப்பனார் பெயர் அப்துல் மாலிக், இருப்பிடம் இராமநாதபுரம் மாவட்டம் காரைக்குடி செக்காலை. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். எங்கள் வட்டாரச் சப்-ஜெயிலுக்கு அரசு ஊழியர் அல்லாத பார்வையாளராகப் போய்வருகிறேன். கைதி சோணை ஜெயிலில் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றது பற்றித் தாசில்தார் அவர்கள் விசாரித்ததில் நான் சொல்வதாவது:

சோணை சிங்கம்புணரிப் பக்கத்து விவசாயக் கூலி. ஆடு திருடியதாக வழக்கு. வாய்தா தள்ளிப்போகும்போதெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தம் போடுவார். அதன்பின் திடீரென்று பேச்சே இல்லை. நான் போனபோது தன் புதுத் துண்டை நீட்டி, "வச்சுக்கங்க சார், எனக்கெதுக்கு?" என்றார். மனைவி அக்கம்மாள் வரவில்லையா என்று கேட்டதற்கு, "அவளும் என்னைய விட்டுட்டா" என்றார்.

அதன்பின் வார்டர் தேனப்பனிடம், இவரைத் தனியே விடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். அவர் சிரித்து, "கத்துனாலும் குத்தம், சும்மா இருந்தாலும் குத்தமா? இப்பத்தான் பய திருந்தியிருக்கான், நீங்க வேற வாரீக" என்றார். ஓயாமல் சேட்டை செய்கிற பையன் ஒருநாள் பெஞ்சில் தலை சாய்த்துக் கிடந்தால், ஒழுங்காகிவிட்டான் என்று எந்த ஆசிரியரும் நினைப்பதில்லை, நெற்றியைத் தொட்டுப் பார்ப்போம் என்று எடுத்துச் சொன்னேன். "இது பள்ளிக்கூடமில்ல, வாத்தியாரே" என்றார். ஜெயில் அதிகாரியிடமும் சொன்னேன். பார்க்கலாம் என்றார். மறுநாள் அது நடந்தது. பக்கத்து அறைக் கைதி கூச்சலிட்டதால் சோணை பிழைத்தார்.

அதன்பின் ஆஸ்பத்திரி வாசலில் அக்கம்மாளைக் கண்டேன். "ரெண்டு தடவ வந்தேன் சார். மனு நாள் இல்லைன்னு அங்குட்டே வெரட்டிட்டாக" என்று அழுதார். கைதியைப் பார்க்க விடும் மனு நாள் புதன்கிழமை. நடவுக் காலத்தில் வேலை விட்ட நாளில்தான் அவரால் பஸ் ஏற முடியும். வந்துபோனதையாவது சோணையிடம் சொல்லியிருக்கலாமே என்று தேனப்பனிடம் கேட்டேன். "பாக்காதது மனுவாகாது. அத எதுக்குச் சொல்லணும்?" என்றார்.

சோணைக்குப் புத்தி சரியில்லை என்று நான் சொன்னதாக எழுத வேண்டாம். வழக்கும் நகராமல், வீட்டிலிருந்து ஆள் வந்துபோனதும் தெரியாமல் தனியே அடைபட்டால் எனக்கும் அந்த நினைப்பு வரும். இப்போது தற்கொலை முயற்சி என்று அவர்மேல் இன்னொரு வழக்குப் போட்டு, அதே அறைக்கு அனுப்பப்போகிறார்கள். இன்று காலையும் அக்கம்மாள் சோணையின் கட்டில் பக்கம் போனபோது, காவலுக்கு நின்ற போலீஸ்காரர், "இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். கண்டதும் கேட்டதும் தவிர வேறெதுவும் நான் சொல்லவில்லை. அக்கம்மாள் இந்த ஆபீஸ் வாசலில்தான் நிற்கிறார். அவரை இன்றே சோணையைப் பார்க்க விடவேண்டும் என்று நான் கேட்டதையும் எழுதச் செய்து, அதன்பின் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) அ. மீரான் சாகிபு
17-11-1972, வெள்ளிக்கிழமை