நர்ஸுக்குப் போட்ட பொன்னாடை

மூணாற்றிலிருந்து தேவிகுளம் போகிற பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். நான் ஒட்டுக்கேட்கிறவள் அல்ல. அவர்கள்தான் மெதுவாகப் பேசவில்லை. வெள்ளைச் சேலைக்காரி எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ். அவள் சொன்னாள்:

"நல்ல கெட்டியான பொன்னாடை மேரி. ரெண்டு உசுரைத் தாங்கிருச்சு."

"என்னக்கா சொல்றீக?"

"போன வாரம் எனக்குப் பாராட்டுக் கூட்டம் போட்டாகல்ல? மலையெல்லாம் நடந்தே போயி பிரசவம் பாக்கேன்னு எஸ்டேட்டுப் பெரிய தொரை ரொம்ப நேரம் பேசுனாரு. எல்லாரும் கைதட்டுனாக. அந்நேரம் மேல் லயத்துத் தொழிலாளி வீட்டுல ஒரு புள்ளைக்கு வலி கண்டு, குழந்தை குறுக்க கெடக்குன்னு ஆள் வந்துச்சு. ஜீப்பு கேட்டேன்."

"குடுத்தாகளா?"

"விருந்தாளிகளைக் கொண்டு விடணுமாம். 'ஜீப்பு குடுத்துட்டா, அடுத்த வருசம் நர்சம்மாவை எதுக்குப் பாராட்டுறது?'ன்னு சிரிக்காரு."

"அய்யோ! அப்புறம்?"

"பொன்னாடையைக் கம்புல தொட்டிலாக் கட்டி, அந்தப் புள்ளையைத் தூக்கிக்கிட்டுக் கீழ ஆஸ்பத்திரிக்கு வந்தோம். தாயும் புள்ளையும் சொகம்."

"இனியாவது ஒரு ஜீப்பை விடாமக் கேளுங்கக்கா."

"அதெல்லாம் கேக்கலை. இன்னும் ரெண்டு பொன்னாடை கேட்டிருக்கேன். மழைக்காலம் வருதுல்ல?"